இருட்டில் கண் திறந்த சிப்

அளந்து பார்க்க முடியாத எதையும் நான் நம்பியவன் இல்லை. இப்போதும் பேய், ஆவி என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் வருத்தப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

படூர் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நகத்தைவிடச் சிறிய ஒரு சிப். அதற்குள் எலெக்ட்ரான்கள் மேலும் கீழும் போக முடியாமல், காகிதம் போன்ற ஒரே தளத்தில் ஓடும். அதை எஃகுக் குடுவைக்குள் இறக்கி, திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, காந்தப் புலத்தை மெல்லக் கூட்டினால் மின்தடை அலை அலையாக ஏறி இறங்கும். அலைகள் நெருக்கமாக இருந்தால் எலெக்ட்ரான்கள் அதிகம் என்று அர்த்தம். அந்தக் குளிரில் சிப்பின் மேல் ஒரு கணம் வெளிச்சம் பட்டாலும் எலெக்ட்ரான்கள் பெருகிவிடும். விளக்கை அணைத்த பிறகும் குறையாது. வெளியே எடுத்துச் சூடாக்கும்வரை சிப் அந்த வெளிச்சத்தை மறக்காது. அதற்காகவே குடுவைக்குள் ஒரு சிறு சிவப்பு எல்.ஈ.டி. வைத்திருப்போம்.

அதை ஒருமுறை மின்னவைப்பதை, அதே கூடத்தில் ஆய்வு செய்த என் நண்பன் வேலு ‘கண்ணு தொறக்கறது’ என்பான். மாமல்லபுரத்தில் சிலை செய்யும் குடும்பம். சிலைக்குக் கடைசியாகத்தானே கண் திறப்பார்கள்? சிப்புக்கும் கண் திறக்காமல் அவன் கை சும்மா இருக்காது.

சிறுசேரி சிக்னலில் லாரி மோதி அவன் இறந்தபோது அவனுடைய ஆய்வேடு தேர்வாளரிடம் இருந்தது. வெளிச்சம் காட்டாமல், முழு இருட்டில் எடுத்த அலைகள் என்று அதில் எழுதியிருந்தான். இருட்டில் இத்தனை நெருக்கமாக வருமா என்று தேர்வாளருக்குச் சந்தேகம். அதே சிப்பை இருட்டில் மறுபடி அளந்து அனுப்பச் சொன்னார். ஒத்துப்போனால் இறந்தவனுக்கு முனைவர் பட்டம், இல்லையென்றால் இல்லை. வேலுவின் அப்பா அதற்குள் அவன் நினைவுக்கான கருங்கல்லில் ‘முனைவர் வேலு’ என்று செதுக்கி முடித்திருந்தார்.

“கண்டிப்பா வந்துரும்லண்ணா?” என்று போனில் கேட்டாள் அவன் மனைவி அமுதா. வந்துவிடும் என்றேன்.

அளந்தது ஒரு மதிய நேரம். குடுவையை மூடுமுன் எல்.ஈ.டி.யைக் கத்தரித்து எடுத்தேன்.

“இன்னா தம்பி, அத்த எதுக்குப் புடுங்கற? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போது,” என்றார் ஹீலியம் நிரப்பும் தனபால்.

“இருட்டுன்னா இருட்டாவே இருக்கட்டும்ணே.”

எல்.ஈ.டி.யை மேசைமேல் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தேன். குடுவையின் மூடியை போல்ட் போட்டு இறுக்கினோம்.

காந்தப் புலத்தை ஏற்றினேன். அலைகள் வந்தன, ஆனால் தள்ளித் தள்ளி வந்தன.

“வேலு எழுதுனது மாரி கீதா?”

“இல்லண்ணே. கண்ணத் தொறந்துட்டு, இருட்டுன்னு எழுதிட்டான்.”

“பேஜாரு புட்ச்சவன். செத்தும் வேல வெக்கிறாம்பாரு,” என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புலத்தை இறக்கினேன். ஏறிய கோட்டிலேயே திரும்பி வர வேண்டும். பாதிவரை அப்படித்தான் வந்தது. பிறகு கோடு ஒரே துள்ளலாகத் துள்ளியது. அதன்பின் அலைகள் நெருக்கமாக வரத் தொடங்கின. வேலுவின் வரைபடத்தைத் திரையில் அதன்மேல் பொருத்திப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிந்தது.

“யாருபா லைட்டு போட்டது?” என்றார் தனபால். போல்ட் போட்ட எஃகுக் குடுவை. உள்ளே விளக்கே இல்லை.

அப்போதுதான் அவர் மேசையைக் காட்டினார். தட்டில் கிடந்த எல்.ஈ.டி. வெள்ளையாக இருந்தது. அதன்மேல் பனி பூத்திருந்தது. ஹீலியக் குழாய் அறையின் மறுகோடியில் இருந்தது, மேசையில் வேறு எதன்மேலும் பனி இல்லை. யோசிக்காமல் எடுத்தேன். கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

இரண்டு கோடுகளையும் அனுப்பினேன். முதல் கோடுதான் இருட்டில் எடுத்தது, இரண்டாவதில் எப்படியோ வெளிச்சம் பட்டிருக்கிறது, வேலுவின் கோடும் அதே வகை என்று தேர்வாளர் எழுதிவிட்டார். பட்டம் இல்லை. புலத்தை ஏற்றும் முன்பே வெளிச்சம் பட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உயிரோடு இருந்தபோதும் வேலு எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை.

‘முனைவர்’ என்ற சொல்லை அவன் அப்பாவே கொத்தி எடுத்தார். பெயருக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அமுதா என்னிடம் பேசுவதில்லை.

புண் ஆறிவிட்டது. அந்த இடத்தில் ரேகை இல்லை, என் போன்கூட இந்த விரலுக்குத் திறப்பதில்லை. அது போகட்டும். வெளியே அனல் அடிக்கிறது, இவ்வளவு நேரமாகச் சூடான டீ கிளாசைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். நம்பிக்கை வரவில்லையென்றால் இந்தக் கட்டைவிரலைத் தொட்டுப் பாருங்கள். அதிக நேரம் மட்டும் பிடிக்க வேண்டாம்.