பாதி மோட்டார், பாதி கால்

திருத்தணி மலைமேல் வளையல் கடையில் வேலை பார்க்கும் கோமளவல்லிக்கு, பக்கத்துக் கடையில் இருக்கும் ஓரகத்தி விஜியைக் கண்டாலே வயிறு எரியும். விஜி புது மின்சார ஸ்கூட்டரில் சேலை கசங்காமல் வந்து இறங்குவாள். இவளுக்கோ பஸ் நெரிசலும், ஏறிக்கொண்டே போகும் எடையும், டாக்டரிடம் வாங்கும் திட்டும்தான்.

அவளுக்குச் சமமாக நிற்கவேண்டும் என்றே வண்டி வாங்கப் போனாள். கையிலிருந்த பணத்துக்கு ஸ்கூட்டர் கட்டுப்படியாகவில்லை. கியர் வைத்த பேட்டரி சைக்கிளைக் காட்டினார் கடைக்காரர்.

"மேட்டுல மோட்டார் பாதிதாங்க இழுக்கும். மீதிய நீங்கதான் மிதிக்கணும்."

வேறு வழியில்லாமல் அதையே வாங்கினாள். அவள் வியர்த்து மிதிக்கும்போதெல்லாம் விஜி சத்தமில்லாமல் தாண்டிப் போவாள்.

"இன்னாக்கா, மோட்டார் வண்டி வாங்கியும் மிதிச்சிகினு வர?"

கோமளவல்லி சிரித்து வைப்பாள். அன்று சோறு இறங்காது.

நாலு மாதம் கழித்து ஆடிக் கிருத்திகை வந்தது. கூட்டத்துக்காக மலைப்பாதையில் வண்டிகளை விடவில்லை. இருவரும் படியேறினார்கள். பாதியிலேயே விஜி மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கோமளவல்லிக்கு நெற்றி மட்டும்தான் ஈரமாகியிருந்தது.

விஜி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை கோமளவல்லிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை நாள் தன்னிடம் இருந்தது.

"அந்த சைக்கிள எந்தக் கடையிலக்கா வாங்கின?"

அன்று காலைகூடத் திறந்திருந்த அந்தக் கடையைத் தாண்டித்தான் கோமளவல்லி வந்திருந்தாள்.

"அத மூடிட்டாங்கடி," என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.