பைக்குச் சொந்தக்காரர்

ஸ்ரீரங்கத்துத் தேசிகனைப் போல ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்கமாட்டான். சென்னையில் மனோதத்துவம் எம்.ஏ. முடித்துவிட்டு, 1961-இல் ஆராய்ச்சி என்று ஊருக்கு வந்தான். தனியாக இருக்கும்போது நல்லவனாக இருக்கிறவன் கூட்டத்தில் ஏன் கை ஓங்குகிறான் என்பதுதான் ஆராய்ச்சி. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்தவன் அல்லவா.

அவனோடு படித்தவன் உப்பிலியபுரத்து வீரமலை. அவன் திருடனாக நடித்து, தேசிகனின் பையைப் பறித்துக்கொண்டு மார்க்கெட்டில் ஓட வேண்டும். யார் துரத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு உடனே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருவருக்கும் நினைப்பு.

என் மண்டியைத் தாண்டுவதற்குள் மூட்டை தூக்குகிறவர்கள் வீரமலையை அமுக்கிவிட்டார்கள். முதுகில் முழங்காலை வைத்து வாயிலேயே குத்தினார்கள். பல் உடைந்து ரத்தம் என் சாக்குகளில் தெறித்தது.

"அடிக்காதீங்கோ, அவன் என் சிநேகிதன். இது சும்மா நடிப்பு" என்று தேசிகன் கத்தினான்.

"சாமிக்கு இளகின மனசு" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார்கள்.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம். பொருளைப் பறிகொடுத்தவர் ஓர் அடி அடித்துவிட்டால் விவகாரம் முடிந்தது, எல்லாரும் கையை எடுத்துவிடுவார்கள். அவர் அடிக்கும்வரை யாரும் நிறுத்தமாட்டார்கள். இது தெரியாமல் இந்த மனிதன் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறான், அங்கே வீரமலைக்கு மூச்சு இழுக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தேசிகனைப் பிடித்து முன்னே தள்ளினேன்.

"நீங்க ஒரு அடி போடுங்க சாமி. போட்டாத்தான் விடுவாங்க. இல்லேன்னா ஆள் செத்துடுவான்."

அழுதுகொண்டே வீரமலையின் கன்னத்தில் அறைந்தான். அந்த நொடியே எல்லாரும் விலகினார்கள். அவர்களில் மூத்தவரான பிச்சை, "போதும், விடுங்கப்பா" என்றார்.

தேசிகன் விடவில்லை. இன்னொன்று அறைந்தான். பிறகு என் எடைக்கல்லை எடுத்து முகத்தில் இறக்கினான். மறுபடியும் இறக்கினான். படுபாவி, அப்போதும் அழுகிறான். நானும் பிச்சையும் கையை முறுக்கித்தான் அவனை இழுக்க முடிந்தது.

வீரமலை பிழைத்தான். இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தேசிகனைக் கூட்டிப் போனேன்.

"அவங்க திருடன்னு நெனச்சு அடிச்சாங்க. நான் யாருன்னு உனக்குத் தெரியுமேடா" என்றான் வீரமலை.

தேசிகன் ஆராய்ச்சியை அதோடு விட்டான். இப்போது லால்குடியில் வாத்தியார். பிரம்பையே தொடாத தங்கமான மனிதர் என்று அங்கே பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எடைக்கல்லை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன்.