கப்டனின் வெள்ளைச் சிலுவை

நாங்கள் வந்து குடியேறிய கிளென் ஈடனில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துப் புல்லில் ஒரு வெள்ளைச் சிலுவை நிற்கிறது. சாலை விபத்தில் யாரும் இறந்தால் இந்த நாட்டுக்காரர் அப்படி ஒன்று நடுவார்கள். எங்கள் கப்டன் மூலையிலிருக்கும் டெய்ரிக்கு, அந்தச் சின்னப் பலசரக்குக் கடைக்கு, பால் வாங்கப் போனபோது கார் அடித்து விழுந்த இடம் அது. அவர் சுத்தச் சைவ சமயத்தவர் என்று தெரியாமல் அவரது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தம்பதி பாசத்தில் நட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்களும் அதற்கு மாலை போட்டு, விபூதி பூசி, ஒருமாதிரிச் சமாளித்துக்கொண்டார்கள். என் மாமி மட்டும் ஒரு பூவும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கார் ஓட்டச் சொல்லி அங்கே போய் நின்று, "சொல்லாமல் போட்டியள் என்ன?" என்று சிலுவையோடு சண்டை பிடிப்பார்.

கப்டன் மலேசியாவில் பிறந்த தமிழர், அந்த நாட்டு இராணுவத்தில் இருந்தவர். எது இழுத்ததோ, எங்கள் ஊருக்கு வந்து, வன்னிக் காட்டுக்குள் இயக்கத்துப் பெடியளுக்குத் துவக்குப் பிடிக்கப் பழக்கினார். மாமியின் இளைய மகன், என் கணவரின் தம்பியும் அந்தக் காட்டுக்குத்தான் போனான். போனவன்தான். செத்தான் என்றும் சேதியில்லை, இருக்கிறான் என்றும் இல்லை. மாமி இன்றுவரை அவனுக்குத் திவசம் செய்யவில்லை. வைத்துப் பார்க்க ஒரு படமும் இல்லை. ஊரில் இராணுவம் வீடு வீடாகத் தேடி வருகிறது என்ற அன்று, அவன் படங்களையெல்லாம் மாமியே அடுப்பில் போட்டு எரித்தார். மற்றப் பிள்ளையைக் காப்பாற்ற வேறென்ன செய்வார், பாவம்!

இங்கே சான்ட்ரிங்ஹாம் கடையொன்றில், மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே கப்டனைக் கண்டு, வன்னியில் பழக்கியவர் என்று தெரிந்த அன்று மாமி அவர் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. ஆனால் காட்டுக்குள் யாரும் வீட்டுப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது இயக்கத்தின் சட்டமாம். வந்த அன்றே புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். மாமிக்கு வீட்டுப் பெயர் மட்டும் தெரியும், கப்டனுக்கு அந்தப் புதுப் பெயர்கள் மட்டும் தெரியும். இரண்டும் தெரிந்த ஒருவரும் மிச்சமில்லை. வாராவாரம் மாமி அவர் வீட்டு சோபாவில் இருந்துகொண்டு அடையாளம் சொல்வார். "இடக்கையால எறிவான். சிரிக்கேக்க வாயைப் பொத்துவான். கத்தரிக்காய் தொடவே மாட்டான்." கப்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இருக்கலாம்மா. அந்த மாதிரி நெறையப் பேர் இருந்தாங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரை வாசலில் மறித்தேன். "அவன் செத்திட்டான், நான் கண்டனான் எண்டு ஒரு பொய் சொல்லுங்கோவன். மனிசி அழுது முடிக்கட்டும்" என்றேன். அவர் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு தடவ அந்தப் பிள்ளைய நான் சண்டைக்கு அனுப்பிட்டேன்மா. ரெண்டாந் தடவையும் என்னையே அனுப்பச் சொல்றீங்களா?" பெரிய நேர்மை! அந்த நேர்மையை அன்று நான் வெறுத்தேன். இன்றும் முழுதாக மன்னிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. மாமி குடையைக்கூட விரிக்கவில்லை. தெருவை அகலமாக்கப் போகிறார்கள், சிலுவையை எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சொல்லியிருந்தார். இனி எங்கே போய்க் கேட்பேன் என்று மாமி புலம்பினார். திடீரென்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "உன்னட்டையாவது ஏதும் சொன்னவரோ, பிள்ளை? ஓமெண்டு சொல்லன்!" கப்டன் மாட்டேன் என்றதை நான் செய்தேன்.

"ஓம் மாமி, சொன்னவர். சண்டையில, நோவு தெரியாமல் போயிட்டானாம்."

மாமி அழவில்லை. என் சட்டையை விட்டுவிட்டு, ஈரக் கையால் என் முகத்தைத் தடவிக் கேட்டார்.

"அப்ப, என்ர பிள்ளைக்கு அங்க என்ன பேர் வச்சவை?"

ஏதாவதொரு பெயரைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் ஒன்றும் வரவில்லை.