வெயிலில் வரும் மீன்கள்

என் அண்ணி துணிக்குப் படம் போடுகிறவள். வயதில் என்னைவிடச் சின்னவள்தான். முறைக்காக நேரில் 'நீங்க' என்பேன். எழுதும்போது எதற்கு அந்த மரியாதையெல்லாம்? அச்சுப்பட்டறையில் அவளுக்கு டிசைன் அக்கா என்று பெயர். அங்கிருந்து வெளியே போகும் போர்வையிலோ திரைச்சீலையிலோ கொடி ஓடினால் அது அவள் கைவேலையாகத்தான் இருக்கும்.

போன வருடம் பட்டறைக்கு ஒரு புது மை வந்தது. சூடு பட்டால் அதன் நிறம் மறையும், ஆறினால் திரும்பி வரும். வெயிலில் நிறம் மாறும் சட்டை போடலாம் என்று முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. அண்ணி வெள்ளைத் துணியில் கொடி வரைந்து, அதன்மேல் கருநீல மையை அச்சடித்து, மேசையில் விரித்து விளக்குச் சூட்டைக் காட்டினாள். நீலம் கலைந்து கொடி அழகாகப் படர்ந்தது. முதலாளி பூரித்துப் போனார். துணி வாங்க வந்தவர்கள் முன்னால் மாதிரிச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு நின்றார். வெயிலுக்குப் போகும் வேலையே வைக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழேயே அவருடைய தொப்பை மட்டும் வட்டமாக வெளுத்தது.

மேசைக்கு உடம்புச் சூடு கிடையாது என்பது இத்தனை வருட அனுபவசாலியான அண்ணிக்குத் தோன்றாமல் போய்விட்டது. வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினார்கள். "இனிமே பூவே போடும்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி மை டப்பாவை அலமாரிக்குள் தள்ளினார். அண்ணி அந்தச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து தரை துடைக்கப் போட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு வீடு சுத்தமாகிவிடும்.

அவளுக்கு ஒரே மகள். வாலு என்றுதான் கூப்பிடுவோம். வாலுவுக்குப் பிறந்ததிலிருந்தே வியர்க்காது. அது வரம் என்று நினைப்பவர்கள் என்னிடம் வந்து பேசட்டும். வியர்வை இல்லையென்றால் சூடு உடம்பைவிட்டு வெளியேற வழியில்லை. கொஞ்சம் ஓடினாலே முகம் சிவந்து, தொட்டால் கொதிக்கும். ஒருமுறை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தோம். உயிர் போய் உயிர் வந்தது. ஈரமான மேல்சட்டை போட்டுவிடுங்கள், காயக் காய நனையுங்கள் என்றார் டாக்டர். வீட்டில் நாங்கள் நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். பள்ளியில் யார் பார்ப்பது? விளையாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் மைதானத்தில் இருக்க, இவள் மட்டும் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். தலைமையாசிரியையை ஒன்றும் சொல்வதற்கில்லை. பயப்படுகிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

ஒருநாள் தரை துடைத்த அந்தச் சட்டையை அலசித் துணிக்கொடியில் போட்ட அண்ணி அங்கேயே நின்றுவிட்டாள். ஈரமாக இருந்தவரை துணி முழுக்கக் கருநீலம். வெயிலில் ஓரம் காய ஆரம்பித்ததும் அந்த ஓரத்தில் மட்டும் இலை எட்டிப்பார்த்தது. கைக்காரியத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஈரம் இருக்கிறவரைக்கும் நிறம் போகல. காஞ்சாதான் போகுது. பாப்பாவுக்கு ஒரு மேல்சட்டை தைச்சுத் தர்றீங்களா?"

எனக்குப் பாதி புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சரி என்றேன்.

கொடி வேண்டாம், மீன் வேண்டும் என்றாள் வாலு. தண்ணீர் வற்றினால் மீன்தானே தவிக்கும் என்பது அவள் நியாயம். நெஞ்சுப் பக்கத்தில் ஆரஞ்சு நிற மீன்கள், மேலே கருநீலம். வெயில் அதிகம் தின்றால் இந்த மை செத்துவிடும். அப்போது மீன்கள் மறையாமல் அங்கேயே நிற்கும், வேறு அச்சடிக்க வேண்டியதுதான் என்றாள் அண்ணி. அவள் பட்டறை அலமாரியிலிருந்து மையைக் கேட்டு வாங்கி வந்ததே பெரிய கதை, அதை விடுங்கள்.

தலைமையாசிரியை ஒரே ஒரு நாள் பார்க்கலாம் என்றார். நாங்கள் இருவரும் மைதானத்து ஓரத்தில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மீன்கள் பளிச்சென்று தெரிந்தன. வாலு குனிந்துகூடப் பார்க்கவில்லை. காலில் சக்கரம் கட்டியதுபோல ஓடிக்கொண்டே இருந்தாள். அண்ணி கத்தியது காதில் விழவே இல்லை. கடைசியில் அண்ணியே ஓடிப்போய்ப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நீங்க இல்லாம இருந்திருந்தா?" என்றார் தலைமையாசிரியை.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குச் சரியான திட்டு விழுந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாலு கேட்டாள், "ஓடும்போது யாராவது வயித்தப் பாத்துக்கிட்டு ஓடுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"மீன முதுகுல போடுறேன்."

"முதுகுலயா? அவ எப்படி அண்ணி பார்ப்பா?"

"அவ பாக்க வேணாம். பின்னாடி ஓடி வர்றவங்க பாத்தா போதும்."

இன்னொரு வாய்ப்புக்காக அவள் பள்ளிக்கு நடையாய் நடந்தாள். தலைமையாசிரியை ஒருவழியாக இறங்கி வந்தார். அண்ணி ஒரு துண்டுத் துணியோடும் குவளைத் தண்ணீரோடும் வகுப்புக்கே போய், நனைத்தும் காயவைத்தும் பிள்ளைகளுக்குக் காட்டினாள். மீன் தெரிந்தால் இவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

அன்று விளையாட்டு நேரத்தில் மறுபடி மைதானத்து ஓரத்தில் நின்றோம். வாலு ஓடினாள். முதுகில் முதல் மீன் தலைகாட்டியதும் அண்ணி ஓர் அடி எடுத்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் பின்னால் துரத்திக்கொண்டிருந்த கூட்டம் "மீனு, மீனு" என்று கூவியது. வாலு திமிறத் திமிற நாலைந்து பேர் அவளைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகு மறுபடி கருநீலமாகித் திரும்பி வந்தாள். தலைமையாசிரியை எங்களிடம், "நாளைக்கும் போட்டு அனுப்புங்க" என்றார்.

சாயங்காலம் வாலு பையை மூலையில் எறிந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான்தான் முதல்ல போயிட்டு இருந்தேன். புடிச்சு இழுத்துட்டுப் போயி என்னத் தோக்க வச்சுட்டாங்க."

அண்ணி அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"நான் தோத்ததுக்கு நீங்க ரெண்டு பேரும் ஏன் அழறீங்க?" என்றாள் வாலு.

அவள் அதுவரை எந்த ஆட்டத்திலும் தோற்றதே இல்லை. யாராவது சேர்த்துக்கொண்டால்தானே தோற்பதற்கு.