பொட்டு வைத்த நட்சத்திரம்

மகள் குளித்துவிட்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகிற ஸ்டிக்கர் பொட்டுகளைத் தினமும் திட்டிக்கொண்டேதான் பிய்த்தெடுக்கிறேன். இன்று ஒரு சிவப்புப் பொட்டு விரலில் ஒட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றபோது, பள்ளிக்கூட நாட்களில் என் சிநேகிதி எஸ்தரோடு அருப்புக்கோட்டைக்குப் போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஞாபகம் வந்துவிட்டது.

காலையிலிருந்து பஜாரில் அலைந்தோம். சாயத் தண்ணீர் வாடையும் சேவு வேகிற வாசமும் கலந்த ஒரு சந்தில், இப்போது இல்லாமல் போய்விட்ட காகிதக் கடையில், மூங்கில் சிம்பில் வெள்ளைத் தாள் ஒட்டிய நட்சத்திரம் ஒன்றைப் பொறுக்கியெடுக்க அவளுக்கு அரை நாள் ஆனது. ஊர் திரும்ப ஏறிய ரெட்டியபட்டி பஸ்ஸில் நிற்க இடமில்லை. நட்சத்திரம் நசுங்காமலிருக்க ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். தலைகளுக்கு மேலேயே அது பின்சீட்டு வரைக்கும் போனது, நாங்கள் இறங்கும் நேரத்தில் அப்படியே திரும்பியும் வந்தது. நடுவில் மட்டும் ஒரு கிழிசல். எஸ்தர் அழ ஆரம்பித்தாள். பருத்திச் சாக்குமேல் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா தன் நெற்றியிலிருந்த பெரிய பொட்டைப் பிய்த்துக் கிழிசல்மேல் ஒட்டி, "அழுகாத தாயி, இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றாள்.

ஆனால் எஸ்தர் வீட்டில் பொட்டு வைக்கக் கூடாது. நான் விளையாட்டாக வைத்துவிட்ட சாந்துப் பொட்டுக்கே அவள் அடி வாங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் அவள் அம்மா நட்சத்திரத்துக்குள் பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டார்கள். வெள்ளை வெளிச்சத்தில் பொட்டு மட்டும் தனியாகத் தெரிந்தது, நெற்றியில் இருப்பது போலவே. ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இருக்கட்டும்டி," என்றார்கள். "நம்மதான வைக்கக் கூடாது. அது வச்சுக்கிறட்டும்."