கரி தெரியாத கலர்

இதைக் கட்டிவிட்ட கதை என்று யாராவது சொன்னால் ரேவதி சண்டைக்கே வந்துவிடுவாள். அவளிடம் சாட்சி இருக்கிறது. பெயிண்ட் பட்ட ஒரு தீப்பெட்டி. அதை ஒரு டப்பாவில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். தூக்கி எறி, தூக்கி எறி என்று எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவள் கேட்பதாக இல்லை.

நடந்தது ஓசூரில், பாகலூர் ரோட்டுப் பக்கம். பேய்க்கு ராத்திரிதான் டியூட்டி என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது நல்ல வெயிலில், பகல் மூன்று மணிக்கு மேல் நான்கு மணிக்குள் நடந்தது. திங்கள் முதல் வியாழன் வரை, நான்கு நாள்.

ரேவதிக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அவளுக்கும் கணவன் சுபாஷுக்கும் சிப்காட்டில் வேறு வேறு கம்பெனியில் வேலை. ஒரே மகள் தர்ஷினி, யூகேஜி. பத்து வருஷம் வாடகை வீடுகளில் காலம் தள்ளிவிட்டு, போன ஆவணியில்தான் ராமப்பன் என்ற விவசாயியின் பழைய வீட்டை வாங்கிப் பால் காய்ச்சினார்கள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. சமையலறை மட்டும் பட்டப்பகலிலும் இருட்டு. அதை இடித்துக் கட்டாமல் ஓய்வதில்லை என்று ரேவதி ஒற்றைக் காலில் நின்றாள்.

மேடையை உடைத்துக் கிரானைட் போட்டார்கள். ஜன்னலைப் பெரிதாக்கினார்கள். அடுத்தது பெயிண்ட். ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வாரம் சண்டை. சுபாஷ் சாம்பல் நிறம் கேட்டான்.

"கம்பெனி கேன்டீன்ல திங்கிற மாதிரியே வீட்லயும் திங்கணுமாக்கும்?" என்றாள் ரேவதி.

கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். எலுமிச்சை மஞ்சள்.

பெயிண்டர் வெங்கடப்பனுக்கு ஜவளகிரிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அறுபது வயது, வாயில் பீடி, நல்ல மனுஷன். ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. அந்த வாரம் ரேவதிக்கு ஓவர்டைம். கம்பெனி பஸ் அவளை இறக்கிவிட 3:50 ஆகிவிடும். தர்ஷினியின் ஸ்கூல் வேன் 3:15க்கே வந்துவிடும். நடுவில் முப்பத்தைந்து நிமிஷம் குழந்தையை யார் பார்ப்பது? பின் தெரு நாராயணம்மா, நான் வந்து இருக்கிறேன் என்று சொன்னாள். ரேவதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திங்கள்கிழமை 3:50. ரேவதி வீட்டுக்குள் நுழைந்தபோது தர்ஷினி ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் தூசிக்காகக் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கிக்கொண்டு வெங்கடப்பன் வெளியே வந்தார்.

"அந்தம்மா இப்பத்தாம்மா போனாங்க. பாப்பா மேல எவ்ளோ பாசம்! மூணு மணியிலருந்து வாசல்லயே நின்னுக்கினு, வேன் வந்துச்சா, வேன் வந்துச்சான்னு என்னையே கேட்டுக்கினு இருந்தாங்க."

ரேவதிக்கு மனசு நிறைந்துவிட்டது. பெற்ற தாய்க்கு மேல் பார்த்துக்கொள்கிறாளே நாராயணம்மா என்று நினைத்தாள்.

சமையலறையை எட்டிப் பார்த்தாள். பழைய நீலத்தைச் சுரண்டிய இடத்தில், ஒரு சுவரில் மட்டும் கருப்பாக ஏதோ படர்ந்திருந்தது.

"பொகை புடிச்ச செவுரும்மா. ரெண்டு கை பட்டி பூசினேன். திரும்பத் திரும்ப மேல வருது."

"அடுப்பு அந்தப் பக்கம்ல இருந்துச்சு?"

அவர் அடுத்த கை பட்டி குழைக்கப் போய்விட்டார். அறையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. தின்னர் வாடை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தர்ஷினியின் தலை புதிதாகப் பின்னியிருந்தது. முந்தின ராத்திரியே ரேவதி போட்டுவிட்டது ஒற்றைப் பின்னல். இப்போது இறுக்கமான இரட்டைப் பின்னல்.

"யாருடி பின்னுனா?"

"ஆன்ட்டி."

பின்னலை அவிழ்க்கவே முடியவில்லை. அவ்வளவு இறுக்கம். குழந்தை நெற்றியே இழுபட்டு, கண் சிறுத்திருந்தது. பாசம் கொஞ்சம் ஓவர்தான் என்று ரேவதி சிரித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மஞ்சள் பூச வேண்டிய சுவரில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை. தரையிலிருந்து ஒரு ஆள் உயரம். அதை ஒட்டி இன்னொரு பட்டை, பாதி உயரம். அந்தச் சின்னப் பட்டையின் உச்சியில் பென்சிலால் ஒரு கோடு.

"யாரு கலர மாத்தச் சொன்னது?"

"அந்தம்மாதாம்மா. ஷேடு நம்பர மனப்பாடமா சொன்னாங்க. கடைல சொன்னேன், கலந்து குடுத்துட்டாங்க. கரி பட்டாலும் தெரியாத கலருன்னாங்க. பாப்பாவ நிக்க வெச்சுப் பென்சில்ல கோடும் அவங்களேதான் போட்டாங்க."

ரேவதிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுச் சுவருக்கு இவள் யார் கலர் சொல்ல? ஆனால் முழுங்கிக்கொண்டாள். நாராயணம்மாவைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குக் குழந்தையை யார் பார்ப்பது? இன்னும் மூன்று நாள் ஓவர்டைம் இருக்கிறது.

"சரி, அந்தத் தின்னர் டப்பாவையாவது மூடி வைங்க. வீடே நாறுது."

வெங்கடப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது தண்ணி பெயிண்ட்டும்மா. நான் தின்னரே கொண்டாரல."

அன்று மாலை 6:20. தர்ஷினிக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். கை வழுக்கியது. முடி முழுக்க ஏதோ ஈரம். முகர்ந்து பார்த்தாள்.

மண்ணெண்ணெய்.

"என்னடி இது?"

"ஆன்ட்டி எண்ணெ வெச்சு விட்டாங்க. ஜில்லுன்னு இருந்துச்சு."

"வேற என்ன செஞ்சாங்க?"

"தீப்பெட்டி இருக்கான்னு கேட்டாங்க. எங்க வீட்ல கரன்ட் அடுப்புதான்னு சொன்னேன். சரி, நாளைக்குப் பெயிண்ட் தாத்தாட்ட வாங்கிக்கிறேன்னாங்க."

ரேவதி அவளைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். குழந்தைக்கு மூன்று தடவை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாள். நாராயணம்மா தெரியாமல் ஏதோ பாட்டிலை எடுத்துவிட்டாளா? தெரியாமல் எப்படி எடுப்பாள், வாடை தெரியாதா? போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. எட்டு மணி வரைக்கும் மறுபடி மறுபடி போட்டாள். அதே பதில். பின் தெருவில் இருப்பவள் எப்படித் தொடர்பு எல்லைக்கு வெளியே போவாள்?

"இப்பவே போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள்.

சுபாஷ் தடுத்தான். "எட்டு மணிக்குப் போய்ச் சண்ட போடுவியா? காலைல பேசிக்கலாம்."

காலையில் எங்கே பேச? 5:10க்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அன்று செருப்பைக் கழற்றியதை நினைத்து ரேவதி இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வியாழக்கிழமை.

மதியம் 3:22. பஸ் சிப்காட்டைத் தாண்டி டிராபிக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. ரேவதியின் போன் அடித்தது. நாராயணம்மா.

"என்ன ரேவதி, நேத்து அத்தன தடவ கூப்ட்டிருக்க? இங்க டவரே கெடைக்கறதில்ல. இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்."

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"அஞ்செட்டி. ஞாயித்துக்கெழமையே வந்துட்டேனே. நாத்தனார் ஊட்ல பண்டிகை. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

சுபாஷ் அதை அடியோடு மறந்திருந்தான்.

ரேவதி நாள் கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாள் என்றால்... திங்கட்கிழமை வாசலில் நின்றது யார்? என் பிள்ளைக்குத் தலை பின்னியது யார்?

வெங்கடப்பனுக்குப் போட்டாள். எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை.

3:31க்கு எடுத்தார்.

"டீக்கடைல இருக்கறேம்மா."

"பாப்பா எங்க?"

"ஊட்லதாம்மா. அந்தம்மாகூட."

"யாரு அந்தம்மா?"

"என்னம்மா கேக்கறீங்க... உங்க ஊட்டு ஆளுதானே? மஞ்ச பொடவ கட்டிக்கினு, முப்பது வயசு இருக்கும். தெலுங்கு நல்லா பேசறாங்களே."

நாராயணம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

"அண்ணே... தீப்பெட்டி கேட்டாங்களா?"

"ஆமாம்மா. குடுத்துட்டுத்தான் வந்தேன்."

ரேவதி அலறிய அலறலில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். இறங்கி ஓடினாள். ஒரு ஆட்டோ முன்னால் போய் விழுந்தாள். "அண்ணே, எம்புள்ள... எம்புள்ள..." பாகலூர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

3:47. கேட் திறந்து கிடந்தது.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூல் பை சோபாவில் இருந்தது. குழந்தை இல்லை.

மண்ணெண்ணெய் வாடை. மூச்சு முட்டும் வாடை.

சமையலறை வாசலில் பிளாஸ்டிக் ஷீட் தொங்கியது. பின்னால் ஜன்னல் வெளிச்சம். ஷீட்டுக்கு அந்தப் பக்கம்... இரண்டு உருவங்கள்.

ஒன்று பெரியது.

ஒன்று சின்னது.

இரண்டும் சுவரில் முதுகைச் சாய்த்து, பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

சரக்...

தீக்குச்சி உரசும் சத்தம்.

ரேவதி கைப்பையைக் கீழே போட்டாள்.

சரக்...

"தர்ஷினி!"

பெரிய உருவத்தின் தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. அவள் பக்கம்.

சரக்...

அவ்வளவுதான். ரேவதி இரண்டு கையாலும் ஷீட்டைப் பிய்த்து எறிந்தாள்.

உள்ளே தர்ஷினி மட்டும்தான் நின்றிருந்தாள். சின்னப் பட்டையில், பென்சில் கோட்டுக்குச் சரியாக உச்சந்தலை இடிக்க. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தலையிலிருந்து சொட்டுச் சொட்டாக யூனிபார்ம் மேல் வழிந்துகொண்டிருந்தது.

பக்கத்துப் பட்டையில் யாரும் இல்லை.

"அம்மா... கண்ணத் தொறக்கலாமா? ஆன்ட்டி எண்ணி முடிக்கிற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னாங்க."

தரையில் வெங்கடப்பனின் தீப்பெட்டி கிடந்தது. பெட்டியின் இரண்டு பக்கமும் அவருடைய ஈரக் கைப் பெயிண்ட் அப்பியிருந்தது. சுற்றிலும் குச்சிகள். ரேவதி பிறகு எண்ணிப் பார்த்தாள். பதினோரு குச்சி. மருந்து உதிர்ந்து, ஒன்றுகூடப் பற்றாமல்.

அன்று இரவு அந்த வீட்டில் அவர்கள் படுக்கவில்லை. சுபாஷின் நண்பன் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரமே பழையபடி வாடகை வீடு. வெங்கடப்பன் விழுந்து விழுந்து மன்னிப்புக் கேட்டார். ரேவதி அவரைத் திட்டவில்லை. அந்த ஈரக் கை இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தர்ஷினிக்கு ஒன்றும் ஆகவில்லை, தலைக்கு எண்ணெய் என்றால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள்.

இருபது நாள் கழித்து, பிரிக்காத மஞ்சள் பெயிண்ட் டின்களைத் திருப்பிக் கொடுக்க ரேவதி கடைக்குப் போனாள். கடைக்காரர் ஹரீஷ்குமார் டின்னைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க பெயிண்டர் ஒரு பழுப்பு ஷேடு நம்பர் சொன்னாரே, அது எப்படி அவருக்குத் தெரியும்? அது கார்டுல இல்லாத கலர். ஒருத்தங்களுக்காகத் தனியாக் கலந்தது. ஒரே தடவதான் கலந்திருக்கு."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. பெயர், சம்பங்கி. கீழே விலாசம். ரேவதியின் வீட்டு நம்பர்.

"ராமப்பனோட சின்ன மருமக. எங்கப்பாதான் அன்னைக்குக் கடைல இருந்தாரு. கரி தெரியாத கலரா வேணும், ஒரு லிட்டர் போதும், செவுத்துல ரெண்டு எடத்துக்குத்தான்னாங்களாம். வாங்கிட்டுப் போன மறுநாள்... அந்தச் சமையல்கட்டுலயே தீ."

"அவ மட்டுமா?"

"அவங்க மட்டுந்தான். பாப்பாவயும் கூட்டிக்கினு போறேன்னு எழுதி வெச்சிருந்தாங்களாம். ஆனா அன்னைக்கு ஸ்கூல் வேன் லேட்டு. வரும் வரும்னு மூணு மணியிலருந்து வாசல்லயே நின்னு பாத்தாங்களாம்."

அது எத்தனை மணிக்கு வர வேண்டிய வேன் என்று ரேவதி கேட்கவில்லை.