திருவேங்கடம் சொன்ன டயர் விலை

திருவேங்கடம், வயது அறுபத்து மூன்று. ஊர் நூம்பல். என் பெரியப்பாவின் ஒரே மகன். மனைவி ஹேமாவதி. மகள் ராதிகா திருமணமாகி ஆவடியில் இருக்கிறாள். பாகப்பிரிவினையில் அவருக்கு வந்தது நான்கு ஏக்கர் நஞ்சை. மதுரவாயல் புறவழிச்சாலை வந்த பிறகு மூன்று ஏக்கரை மனைகளாகப் பிரித்து விற்றார். அந்தப் பணத்தில் வாடகைக்கு விட நான்கு வீடுகள் கட்டினார்; 2006ஆம் ஆண்டு ஒரு டிராக்டரும் வாங்கினார். அதே மாதம் தேவராஜ் என்பவர் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். திருவேங்கடத்துக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள முயன்றதாகவும் குறிப்பு இல்லை.

இவ்வளவும் பத்திரங்களிலும் ரசீதுகளிலும் உள்ளவை. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது இத்துடன் நிறுத்துவது எங்கள் குடும்ப வழக்கம். திருவேங்கடம் நல்ல உடல்நலத்துடன் இருப்பதால் மேற்கொண்டு எழுதத் தடையில்லை.

டிராக்டர் செய்யும் வேலை இரண்டு வகை. திருமழிசைப் பக்கம் இன்னும் விற்கப்படாமல் கிடக்கும் வயல்களை உழுவது ஒன்று. வானகரத்தில் இடிக்கப்படும் பழைய வீடுகளின் இடிபாட்டை ஏற்றிக்கொண்டுபோய் நூம்பலின் பள்ளமான மனைகளில் கொட்டி நிரவுவது மற்றொன்று. முதல் வேலை ஆண்டில் மூன்று மாதம், இரண்டாவது ஒன்பது மாதம். சேற்றில் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட பின் டயர்கள் ஆண்டின் பெரும்பகுதி தார்ச்சாலையில் ஓடி, பட்டன் எனப்படும் மேடுகள் தேய்ந்து வழவழப்பாகும். பட்டன் தேய்ந்த டயர் மழைக்காலத்தில் திருமழிசை வயலில் சறுக்கும். சறுக்கிய நாளெல்லாம், "பிரேக்கப் புடிச்சிப் புடிச்சியே தேச்சிட்டான்" என்று திருவேங்கடம் ஊர் முழுக்கச் சொல்வார். இடிபாட்டு வண்டிக்குக் கிடைக்கும் வாடகையைப் பற்றிச் சொல்லமாட்டார்.

எங்கள் குடும்பத்தில் வேலைக்காரரின் கூலியை ஆயுத பூஜையன்று சொல்வது வழக்கம். வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றியதும், அடுத்த ஓராண்டுக்கான நாள் கூலியை உடைமைக்காரர் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கற்பூரம் எரியும்போது எதிர்ப்பேச்சு கூடாது. அணைந்ததும் ஓட்டுநர் வண்டியைப் பழத்தின்மேல் ஏற்றி இறக்கிவிட்டு, வேட்டியும் ஐந்நூற்று ஒரு ரூபாயும் வைத்த தட்டை வாங்கிக்கொள்வார். அதன்பிறகு ஆண்டு முழுவதும் கூலிப் பேச்சு எடுக்கக் கூடாது. என் பாட்டனார் காலத்தில் இதற்கு முந்தின நாளே, "உனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று வேலைக்காரரைக் கேட்பதும் வழக்கத்தின் ஒரு பகுதியாக இருந்தது. திருவேங்கடம் கேட்பதை விட்டுவிட்டார்; கற்பூரத்தை மட்டும் பெரியதாக வாங்குவார்.

2018ஆம் ஆண்டு ஆயுத பூஜையில் தேவராஜின் நாள் கூலி அறுநூறு ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு திருவேங்கடம் முப்பத்து மூவாயிரத்துக்குப் பின் டயர் ஜோடி ஒன்று வாங்கியிருந்தார். மறு ஆண்டு முதல் பூஜையில் அவர் சொன்னது கூலியை அல்ல, டயர் விலையை. முப்பத்தைந்து ஆகிவிட்டது, முப்பத்தெட்டு ஆகிவிட்டது, நாற்பத்து மூன்று ஆகிவிட்டது, ஆகையால் கூலி அதேதான். இடையில் ஒரே ஒருமுறை, 2021இல், ஐம்பது ரூபாய் கூட்டினார். ராதிகாவின் திருமணம் முடிந்த மகிழ்ச்சியில் வாய் தவறிச் சொன்னதாகவே உறவினர்கள் கருதினார்கள்.

டயர் விலை ஏறியது உண்மை. அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் அவர் ஒரு டயர்கூட வாங்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பூவிருந்தவல்லிக் கடைக்குப் போய் விலையை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வருவார். பூஜைக்கு முந்தின வாரத்தில் இந்தப் பயணம் தவறாது. ஒரு ஜோடி ஏழு ஆண்டு உழைக்கிறது. விலையேற்றம் முழுவதையும் வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு எட்டு ரூபாய் வருகிறது. அதே காலத்தில் டிராக்டர் வாடகையை மணிக்கு எண்ணூறிலிருந்து ஆயிரத்து நானூறாக உயர்த்தினார். டீசல் ஏறியதைக் கழித்துப் பார்த்தாலும் மணிக்கு ஐந்நூறுக்கு மேல் கூடுதல். வாடகையை உயர்த்துவதற்கும் டயரையே காரணம் காட்டினார். ஒரு ஜோடி டயரை வாடிக்கையாளரிடம் ஒருமுறையும் ஓட்டுநரிடம் ஒருமுறையுமாக இரண்டு தடவை விற்கத் தெரிந்த மனிதரை வியாபாரத் திறமை இல்லாதவர் என்று சொல்வது தவறு.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வேலப்பன்சாவடி டீக்கடையில் யாரோ, தீபாவளிக்குள் டயர் விலை மேலும் ஏறும் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பெயர் திருவேங்கடத்துக்கும் தெரியாது. அன்று மாலையே புது ஜோடி வாங்கி மாட்டி, தேவராஜை ஓட்டிவரச் சொல்லி வண்டியை வாசலில் நிறுத்தவைத்தார். எதிர்வீட்டுக் கங்காதரன் வேடிக்கை பார்க்க வந்தார்.

"இன்னா மாமே, வண்டி புது மாப்ள மாதிரி கீது?"

"நாப்பத்தொம்போதாயிரம் மச்சான். அதுவும் ஐநூறு கொறச்சி வாங்கினு வந்தேன். தீபாவளிக்கு அம்பத்தஞ்சு ஆவுதாம். வெவரம் தெரிஞ்சவன் முன்னாலயே வாங்கிப்பான்."

"நீ வெவரமான ஆளுதான். யாரு இல்லன்னா?"

செப்டம்பரில் டிராக்டர் டயருக்கான வரி குறைக்கப்பட்டது. செய்தியைக் கொண்டுவந்தவரும் கங்காதரனே. பாதி தின்ற இட்லியோடு எழுந்து வந்ததாக அவர் வீட்டில் சொன்னார்கள்.

"மாமே, சேதி கேட்டியா? உன் டயரு இப்போ நாப்பத்தி மூணாயிரத்து அறநூறாம்."

"எவன் சொன்னான்?"

"கடக்காரனே சொன்னான். ஐநூறு கொறச்சி வாங்கினு போனாரே ஒருத்தரு, சௌக்கியமா கீறாரான்னு உன்ன விசாரிச்சான்."

திருவேங்கடம் அன்றே பூவிருந்தவல்லிக்குப் போய், வித்தியாசத் தொகையான ஐயாயிரத்து நானூறைத் திருப்பித் தரும்படி கேட்டார். கடைக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இந்தச் செய்தியில் மகிழ்ந்த இன்னொருவர் தேவராஜ். வயது நாற்பத்தாறு, திருமழிசையில் வாடகை வீடு, மனைவி பெயர் ஜெயகுமாரி. டயர் விலை ஏறியதால் கூலி நின்றது என்று ஆறு ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர். ஆகவே விலை இறங்கினால் கூலி நகரும் என்று எண்ணினார். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்ட இந்தத் தவறு திருவேங்கடத்தை அறியாத யாருக்கும் வந்திருக்கும். பத்தொன்பது ஆண்டு அறிந்தவருக்கு வந்திருக்கக் கூடாது.

அவருக்கு அந்த ஆண்டு கூலி உயர்வது கட்டாயமாக இருந்தது. வீட்டுக்காரர் வாடகையை ஐயாயிரத்து ஐந்நூறிலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறாக்கி, அக்டோபர் ஐந்தாம் தேதிக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார். பூஜைக்கு முந்தின நாள் மாலை வண்டியைக் கழுவி முடித்த தேவராஜ், கையைத் துடைத்துக்கொண்டு திருவேங்கடத்தின் வாசலில் வந்து நின்றார். எலுமிச்சம்பழமும் பூவும் கொடுக்கப் போன நான் அப்போது உள்ளே இருந்தேன்.

"நைனா, நாளைக்கி நீ சொல்றதுக்கு முன்ன ஒரு வார்த்த."

"இன்னாடா?"

"எண்ணூத்தி அம்பது போட்டுக் குடு. இங்கயே இருந்துடறேன். இல்லாங்காட்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டு குடோனுல கூப்புடறாங்க, ஒத்துக்கணும். மூட்ட தூக்கற வண்டி ஓட்ற வேல. மாசம் பத்தொம்போதாயிரம்."

"ஓஹோ. அங்க இன்னா, ஏசியா?"

"ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் ராவு. ராவுல முழிச்சா எனக்கு ஒடம்பு தாங்காது நைனா. ஜெயகுமாரியும் வாணாங்குறா. அதான் உன்னாண்ட கேட்டுட்டு அவங்களுக்குச் சொல்லலாம்னு."

"நல்ல நாளும் அதுவுமா பேரம் பேசாத. நாளைக்கி பாத்துக்கலாம் போ."

தேவராஜ் போனதும் சமையலறையிலிருந்து ஹேமாவதி கேட்டாள்: "குடுத்தாதான் இன்னா? அவன் போய்ட்டா வண்டிய நீங்களா ஓட்டப் போறீங்க?"

"அவன் எங்கடி போவான்? கால் ஒடஞ்சப்போ ஆஸ்பத்திரிக்கு மூவாயிரம் குடுத்தவன் நானு."

அந்த மூவாயிரம் கொடுக்கப்பட்டது 2011இல். தேவராஜின் கால் உடைந்தது இதே டிராக்டரில் டிரெய்லர் மாட்டும்போது. கொடுத்தது உண்மை என்பதால் அதையும் இங்கே பதிகிறேன். அதைப் பற்றிக் குறைந்தபட்சம் நூறு முறையாவது பேசியிருக்கிறார். ஒரு தடவைக்கு முப்பது ரூபாய் வீதம் அந்தப் பணம் எப்போதோ வசூலாகிவிட்டது.

மறுநாள் புதன்கிழமை காலை பூஜை. பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். புது டயர்களுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். தேவராஜ் கிறிஸ்தவர், விபூதி பூசமாட்டார். ஆனால் பத்தொன்பது ஆண்டும் சக்கரத்துக்குப் பழம் வைத்தவர் அவரே. அன்றும் வைத்தார். திருவேங்கடம் கற்பூரத்தை ஏற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேவராஜு, இந்த வருசம் டயர்ல எனக்கு அஞ்சாயிரத்து நானூறு ரூபா நட்டம். ஊருக்கே தெரியும். அதனால கூலி அதே அறநூத்தி அம்பது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

கற்பூரம் பெரியது, அணைய நேரம் பிடித்தது. தேவராஜ் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். கடைசிச் சுடர் அடங்கிப் புகை கிளம்பிய பிறகு வாயைத் திறந்தார்.

"நைனா, டயர் வெல ஏறுனா கூலி ஏறாது. சரி. எறங்குனாலும் ஏறாதா?"

கங்காதரன் சத்தமாகச் சிரித்துவிட்டார். திருவேங்கடத்தின் முகம் சிவந்தது.

"பூச நேரத்துல எகத்தாளமாடா?"

"பூச முடிஞ்சிபோச்சி நைனா. அணையற வரைக்கும் வாயத் தொறக்கல. டயரு இன்னா பண்ணா எனக்குக் கூலி ஏறும்னு மட்டும் சொல்லிடு. ஞாயித்துக்கெழம சர்ச்சுல அதுக்கே வேண்டிக்கிறேன்."

"ரொம்பப் பேசற. பெரிய குடோனு ஆளு ஆயிட்டல்ல? போடா, போய்ப் பாரு. ஒரு மாசத்துல இதே வாசல்ல வந்து நிப்ப."

தேவராஜ் வண்டியில் ஏறி, நான்கு பழங்களும் நசுங்கும்படி முன்னும் பின்னும் ஓட்டினார். பிறகு கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி வந்து, தட்டில் இருந்த வேட்டியின்மேல் சாவியை வைத்தார். வேட்டியையும் பணத்தையும் தொடவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

திருவேங்கடம் தட்டருகே வந்தார். முதலில் ஐந்நூற்று ஒரு ரூபாயை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் சாவியை எடுத்தார். சுற்றிலும் உறவினர்கள் நிற்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை திருமழிசையில் உழவு ஒப்புக்கொண்டிருந்தது. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று நிலத்துக்காரர் காலையிலிருந்தே தொலைபேசியில் நெருக்கினார். குணசேகரன் என்ற நாள் கூலி ஓட்டுநரை அழைத்துவந்தார்கள். இருபத்தாறு வயது இளைஞர். நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு, மதியச் சாப்பாடு தனி, பணம் கையில் வந்தால்தான் வண்டியில் ஏறுவேன் என்றார். திருவேங்கடம் பணத்தை எண்ணிக் கொடுத்தார். டயர் விலையைப் பற்றி அந்த இளைஞரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. உழவு முடிந்ததும் சேறு படிந்த வண்டியைக் கழுவாமலேயே கொட்டகையில் விட்டுப் போனார்.

மறுநாள் தேவராஜ் கணக்குத் தீர்க்க வந்தார். வீட்டுக்காரருக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகவும், திங்கட்கிழமை குடோனில் சேரப்போவதாகவும், முதல் வாரமே இரவு வேலை என்றும் ஹேமாவதியிடம் தெரிவித்தார். அவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். திருவேங்கடம் நாற்காலியை விட்டு எழவில்லை.

"போன மாசம் முன்பணம் ஐநூறு வாங்கினியே, புடிச்சிக்கலாமா?"

"புடிச்சிக்கோ நைனா."

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தீர்த்த கணக்கு இது. திங்கள், செவ்வாய், இரண்டு நாள் கூலி ஆயிரத்து முந்நூறு. முன்பணம் கழிவு ஐந்நூறு. கொடுத்தது எண்ணூறு ரூபாய்.